முப்பதாம் தேதிக்குள் ஒரு போன்

ஜூன் 3, செவ்வாய்

படிக்கத் தெரியாமல் இருந்த வரைக்கும், ஊரில் எழுதி வைத்திருப்பதெல்லாம் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று வருஷம் ஏமாந்திருக்கிறேன். காங்கேயம் பேருந்து நிலையத்தில் இன்று ஒரு சுவரை முழுதாகப் படித்து முடித்தேன். மூல வைத்தியம். யாரோ ஒரு நடிகனுக்குப் பிறந்தநாள். வீட்டு மனை விற்பனை. அப்புறம் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'. அதற்குக் கீழே ஈரம். இதைப் படிக்கத் தெரியாமல் போயிற்றே என்றா இத்தனை நாள் கூச்சப்பட்டேன்?

ஆனாலும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று படித்தேன். மறுபடி ஒரு முறையும் படித்தேன்.

போன் கடைக்கும் போனேன். பேனா வைத்த போன் ஏழாம் தேதி வந்துவிடும் என்றார்கள்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

யார் படித்தாலும் புரிய வேண்டும், அப்படித்தான் எழுத வேண்டும் என்பது எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அருள்மணி டீச்சர் கட்டளை. எழுதுகிறேன்.

சென்னியப்பன் என் மனைவி நாச்சாத்தாளின் அண்ணன். எனக்கு மச்சான். நாற்பது வருஷம் சேர்ந்து மாட்டுச் சந்தைக்குப் போனோம். அவன் மாடு வளர்ப்பவன். நான் தரகன். பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் வீடு கிரகப்பிரவேசத்துக்கு அவன் வரவில்லை. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோயம்புத்தூரில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனிப் பேச்சு வராது. போனில் எழுதிக் காட்டுகிறானாம். அஞ்சாம் வகுப்பு படித்தவன் அல்லவா. அந்த அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டு சந்தையில் நாற்பது வருஷம் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டிப் பெருமை அடித்தவன். இப்போது கட்டி மறுபடி வந்திருக்கிறது. முப்பதாம் தேதி திங்கட்கிழமை இன்னொரு ஆபரேஷன். வயது எழுபத்தாறு. டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

அதற்குள் அவனுக்கு நான் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் கையால், அவன் கண்ணுக்கு மட்டும்.

"போயி ஒரு வார்த்தை பேசீட்டு வந்தா என்னங் கெட்டுப்போச்சு?" என்கிறாள் நாச்சாத்தாள்.

"அவனால திருப்பிப் பேச முடியுமா?"

"முடியாதுங்."

"அப்பறம் என்ன பேச்சு? கட்டிப் போட்டவன அடிக்கறாப்பல இருக்கும்."

எழுத்து என்றால் இரண்டு பேரும் சமம். கடிதம் எழுதி இவளிடம் கொடுத்தனுப்பலாம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். தபாலில் போட்டால் அங்கே மருமகள் பிரித்துவிடுவாள். போனை மட்டும் அவன் யார் கையிலும் கொடுப்பதில்லையாம்.

நான் மார்கழியில் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். பஸ் கண்டக்டர் ஒருவன் என்னைக் கேலி செய்தான். அதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 7, சனி

போன் வரவில்லை.

கடையில் ரிஸ்வானா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல வாய். "லோடு வரலீங்க ஐயா. பதினாலாந் தேதி நிச்சயம்."

"ஏழாந் தேதியும் நிச்சயம்னுதான சொன்ன?"

"அது கம்பெனி சொன்ன நிச்சயம். இது நான் சொல்றது."

அதற்குள் வேறு போன் ஒன்றை எடுத்து நீட்டினாள். முதுகில் நான்கு கண். எதற்கு என்றேன். ஒன்று தூரத்துக்கு, ஒன்று பக்கத்துக்கு, ஒன்று இருட்டுக்கு. நாலாவது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பிரம்மா இரண்டோடு நிறுத்தினான்.

"எனக்குப் படம் வேண்டாம். எழுதோணும்."

"எழுதறதுக்கு யாருங்க ஐயா போன் வாங்கறாங்க?"

பேனா போனை நான் எழுத்தறிவுப் பரீட்சை அன்றைக்குப் பார்த்தேன். எங்களைச் சோதிக்க வந்த அதிகாரி வைத்திருந்தார். அதன் பக்கவாட்டிலிருந்து குச்சி போல் ஒரு பேனாவை உருவினார். என் பெயரை அதில் எழுதச் சொன்னார். ஆறுக்குட்டி என்று எழுதினேன். கண்ணாடிக்குள் என் கையெழுத்து அப்படியே நின்றது. அதை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பலாம் என்றார். அந்த ஆபீசரை எனக்குப் பிடிக்கவில்லை, மூக்குப்பொடி போடுகிறவர். போன் பிடித்துப்போயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

இன்று க்ஷ எழுதிப் பழகினேன். யாருக்கும் வேண்டாத எழுத்து.

ஜூன் 10, செவ்வாய்

என் மகன் பூபதி எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர். போன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. இன்று தன் பழைய போனைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். இரக்கம்.

"பேனா போனெல்லாம் எதுக்குங்ப்பா? இதுலயே தமிழ் தட்டலாங். பாருங்."

தட்டிப் பார்த்தேன். சென்னியப்பன் என்று எழுத வேண்டும். டீச்சர் எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்? முதலில் கொம்பு, அப்புறம் ச. மாட்டிலும் முதலில் கொம்பைத்தான் பார்ப்போம். இந்தப் போனில் கொம்பை முதலில் தட்டினால் ஒரு புள்ளி வட்டத்தின் பக்கத்தில் அநாதையாகப் போய் நிற்கிறது. முதலில் ச-வைத் தட்டி, பிறகு கொம்பைத் தட்டினால், அது தானே ஓடிப்போய் முன்னால் நிற்கிறதாம்.

"அப்படித்தானுங்ப்பா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"எல்லாரும்னா யாரு? நீயா? ஆறு மாசம் நான் கையொடிஞ்சு கத்துக்கிட்டதத் தலகீழாத் திருப்பறதுக்கு நீ ஒரு போன் கொண்டுட்டு வர்ற."

அவன் முனகிக்கொண்டே போய்விட்டான். போனை இங்கேயே வைத்துவிட்டுப் போனான். கண்ணாடியில் கீறல். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் எழுத்து வருகிறது. விற்க முடியாததை அப்பனுக்குக் கொடுப்பது இந்தக் காலத்து மரியாதை.

ஜூன் 14, சனி

போன் வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி என்கிறாள் ரிஸ்வானா. இந்த முறை நிச்சயம் என்ற வார்த்தையை விட்டுவிட்டாள். அந்த அளவுக்கு யோக்கியமான பெண்தான்.

இன்று வீட்டில் ஒன்று நடந்தது.

சென்னியப்பனிடமிருந்து பூபதியின் போனுக்கு வாரம் ஒரு முறை செய்தி வரும். பூபதி அதை அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவான். இன்றும் படித்தான்: "மாமா நல்லா இருக்காராம். எல்லாரையும் கேட்டதாச் சொல்லச் சொன்னாராம்."

கட்டி வந்து படுத்திருப்பவன் நல்லா இருக்கிறானா? தவிர, சென்னியப்பன் இந்த ஜன்மத்தில் யாரையும் கேட்டதாகச் சொன்னவன் இல்லை. பூபதி குளிக்கப் போனதும் போனை எடுத்து நானே படித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. எழுதியிருந்தது இதுதான்:

'கஞ்சி உள்ள போறதில்ல. குழாயில ஊத்தறாங்க. உங்கப்பன் அந்தத் தரகுக்காரன் இருக்கறானா செத்துட்டானா? இருந்தா எனக்கு முந்திப் போயர வேண்டாம்னு சொல்லு.'

மூன்று முறை படித்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பூபதி தலையில் சோப்போடு ஓடி வந்தான்.

"அப்பா! அதைக் குடுங்! நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"எத்தன வாரமாடா இப்படி மாத்திப் படிக்கற?"

"எல்லா வாரமும்தானுங்."

பழைய செய்திகளையும் படித்தேன். எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். ஒரு வாரம் கூட விடவில்லை. பதினேழு வசவு. ஒன்றைக்கூட இரண்டு முறை எழுதவில்லை. இவ்வளவையும் 'கேட்டதாகச் சொன்னார்' என்று சுருக்கியிருக்கிறான் என் மகன். பி.காம். படித்திருக்கிறான்.

ஜூன் 17, செவ்வாய்

அருள்மணி டீச்சரிடம் போன் கதையைச் சொன்னேன். அவர் தன் போனை எடுத்து, "இதுல நீங்க பேசினாப் போதும் ஐயா, அதுவே எழுதிரும்" என்றார். ஆறு மாதம் எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவர் சொல்கிற பேச்சா இது?

நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியாது. வாயால் சொல்ல முடிந்திருந்தால் பதினொரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். தவிர, குரல் போனவனுக்குக் குரலில் பேசி அனுப்புவதா? டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. "தொண்டையில சளிங்க டீச்சர், பேச வராது" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

திருப்பூர் போனேன். ஒரு சந்தில் பழைய போனாக விற்கிறார்கள் என்று பூபதி ஆலையில் யாரோ சொன்னார்களாம். ஒரு பெட்டிக்கடைக்காரன், காதில் ஒரு கம்மல், என் பேனா போனையே எடுத்து வைத்தான். போன வருஷத்து மாடல். மனது குதித்தது. முகத்தில் காட்டவில்லை. சரக்கைப் பார்த்ததும் பல்லிளிப்பவன் தரகனில்லை.

மூலையெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு முனை நசுங்கியிருந்தது. விழுந்து எழுந்தது. கண்ணாடி புதிது, உடம்பு பழையது. சாயம் பூசிச் சந்தைக்கு ஓட்டி வந்த கிழட்டுக் காளை எத்தனை பார்த்திருக்கிறேன்.

"எத்தன கை மாறுச்சு?"

"ஒரே கைங்க தாத்தா. டாக்டர் யூஸ் பண்ணுனது."

"எல்லாத்துக்கும் டாக்டர்தானா? பேனா எங்க?"

பேனா இருக்கும் பொந்தைத் திருப்பிக் காட்டினேன். பொந்து காலி.

"பேனா மட்டும் இல்லீங்க தாத்தா. அது யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க."

பேனா இல்லாத பேனா போன். அதையும் ஒருவன் கூச்சமில்லாமல் எடுத்து நீட்டுகிறான். "உங்கூட்டு டாக்டர் ஆபரேசனையும் கத்தியில்லாமத்தான் பண்றானா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் பத்து நாள்.

ஜூன் 22, ஞாயிறு

நாச்சாத்தாள் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். எடை குறைந்துவிட்டதாம். அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று வெங்காயம் அரிந்தாள். இன்றைக்குக் குழம்பில் வெங்காயமே இல்லை.

ஜூன் 25, புதன்

கடை திறக்கும்முன் போய் வாசலில் நின்றேன். ரிஸ்வானா வந்து ஷட்டரைத் தூக்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயா, அடுத்த மாசக் கடைசிங்களாம்."

உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அத்தன அவசரங்களா?"

"திங்கக்கெழம ஒருத்தனுக்கு ஆபரேசன். அதுக்கு முந்தி எழுதோணும்."

அதன்பின் அவள் என்னைக் கேலி செய்யவில்லை. வரிசையாகப் போன்களை எடுத்து வைத்தாள். ஒன்று வாயைத் திறந்து மூடுகிறது, முதலை மாதிரி. ஒன்று தண்ணீரில் போட்டாலும் கெடாதாம். கிணற்றுக்குள் இருந்து யாருக்குப் பேசப் போகிறேன்? ஒன்றில் விளையாட்டு வேகமாக ஓடுமாம். ஒன்றைக் காட்டி, "இதுதாங்க இப்ப நம்பர் ஒன்" என்றாள். முன்பு காட்டியதும் நம்பர் ஒன்தான்.

நான் சந்தையில் கற்றது ஒன்று உண்டு. விற்பவன் எந்த மாட்டைப் புகழ்கிறான் என்று பார்க்கக் கூடாது. தன் வண்டியில் எதைப் பூட்டி வந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

"அதெல்லாம் இருக்கட்டும். உன்ற போன் எது? காட்டு."

தயங்கித் தயங்கி எடுத்தாள். சாதாரண போன். அகலமாக இருந்தது. எழுத்துகள் பெரிதாக இருந்தன.

"எத்தன வருசமா வச்சிருக்கற?"

"நாலு வருசங்க. ரெண்டு குழந்தைங்க கையிலயும் விழுந்து எந்திரிச்சுருச்சு. ஒண்ணும் ஆகல."

"அப்ப இதையே குடு."

"இது இப்ப வர்றதில்லீங்க ஐயா." யோசித்தாள். உள்ளே போய் அட்டைப் பெட்டிகளை உருட்டினாள். "ஒரே ஒரு பீஸ் கெடக்குதுங்க. ஆனா கலரு..."

ரோஸ். பஞ்சு மிட்டாய் ரோஸ். நான்கு வருஷமாக யாரும் வாங்காமல் கிடந்திருக்கிறது. நிறத்துக்காக நல்ல மாட்டை ஒதுக்குகிற முட்டாள்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். வாங்கிவிட்டேன். கொம்பு விஷயத்தை அவளே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ச முதலில், கொம்பு பிறகு. தலைகீழ்தான். முப்பதாம் தேதியை யாரும் தலைகீழாகத் திருப்ப முடியாதே.

ஜூன் 26, வியாழன்

பழகுவதற்காகப் பூபதிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'வரும்போது அரிசி வாங்கி வா.' இருபது நிமிஷம். ஒரு பிழை இல்லை.

பதிலுக்கு அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.

எழுபத்து மூன்று வருஷம் நான் கைநாட்டு வைத்தேன். கூசிக் கூசி வைத்தேன். இன்றைக்கு நான் எழுதுகிறேன், பி.காம். கைநாட்டு வைக்கிறான்.

ஜூன் 27, வெள்ளி

காரணத்தைப் பிறகு எழுதுகிறேன் என்று முன்பு எழுதினேன். இன்று எழுதுகிறேன்.

மாட்டு விலையை நாங்கள் வாயால் பேச மாட்டோம். விற்பவன் கையையும் தரகன் கையையும் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விற்க மனமில்லை என்றால், துண்டுக்குள் தரகன் உள்ளங்கையில் ஒரு சுரண்டு. அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் தரகன் துண்டை எடுத்து உதறிவிட்டால் மாடு போயிற்று. அதன்பின் அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது.

கண்ணபுரம் சந்தை. சென்னியப்பன் ஒரு மயிலைச் சோடி, சாம்பல் நிறக் காளைகள், கொண்டுவந்திருந்தான். கன்றிலிருந்து வளர்த்தவை. வாங்க வந்தவன் மைசூர்ப் பக்கத்துக்காரன். சுற்றி ஐம்பது பேர். நான் சென்னியப்பன் கையைப் பிடித்தேன். விலை படிந்துவிட்டது. அப்போது என் உள்ளங்கையில் ஒரு சுரண்டு.

எனக்குத் தெரிந்தது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறுக்குட்டி பேசிய மாடு படியாமல் திரும்பியது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. துண்டை எடுத்து உதறினேன்.

மாடு லாரியில் ஏறியபின் அவன் எல்லார் முன்னாலும் கத்தினான். "நான் சொரண்டுனேன்டா!" நான் சொன்னேன், "சொரண்டல. உன்ற கை நடுங்குச்சு. இப்ப மாத்திப் பேசற." ஐம்பது பேரும் என்னைத்தான் நம்பினார்கள். அன்றிலிருந்து சந்தையில் அவனுக்குச் சொல் தவறியவன் என்று பெயர். அவன் அதற்கப்புறம் சந்தைக்கு வரவே இல்லை.

இதைத்தான் எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். நாச்சாத்தாள் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரு மணிக்கு முடித்தேன். இவ்வளவுதான் எழுதினேன்:

'மச்சான். நான் ஆறுக்குட்டி. கண்ணபுரத்தில் நீ சுரண்டியது நிஜம். எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் துண்டை எடுத்தேன். நீ சொல் தவறவில்லை. நான்தான் பொய் சொன்னேன்.'

அனுப்பினேன். இரண்டு கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமாக மாறியது. படித்துவிட்டான் என்று அர்த்தம். படித்துவிட்டு ஒருவன் சும்மா இருக்கிறான் என்பதைக் கோடு போட்டுக் காட்டுகிற கருவியைக் கண்டுபிடித்தவன் நல்ல மனிதனாக இருக்க முடியாது.

சாயந்தரம்வரை பதில் இல்லை.

ஜூன் 28, சனி

காலை ஏழு மணிக்கு வந்தது:

'இத யாரு எழுதுனது? ஆறுக்குட்டிக்கு ஆனா ஆவன்னா தெரியாது. நீ அவனா இருந்தா அந்தச் சோடில காது அறுந்தது எது சொல்லு.'

'இடது பக்கத்து மாடு. வலது காது. முள்வேலி' என்று தட்டினேன்.

பிறகு:

'எப்படா படிச்ச?'

'மார்கழி.'

'எதுக்கு?'

'கண்டக்டர் கேலி செய்தான்.'

'நெசமாத்தான் கண்டக்டரா?'

அதற்கு நான் பதில் எழுதவில்லை. அவசியமில்லாத கேள்வி. அப்புறம் அவனிடமிருந்து பெரிதாக ஒன்று வந்தது. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'நான் சொரண்டல. மாடு லாரில ஏறி என்னத் திரும்பிப் பாத்துது. மனசு தாங்கல. அதனால சொரண்டுனேன்னு பொய் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி. கை நடுங்குச்சு. போயி வேற சோலியப் பாரு.'

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பது வருஷம் துண்டுக்குள் பிழைத்த கை இது. நடுக்கம் எது, சுரண்டல் எது என்று இதற்குத் தெரியாதா?

'சுரண்டினாய்' என்று அனுப்பினேன்.

'இல்ல.'

'சுரண்டினாய்.'

'இல்ல. உன்ற கை அப்பவே மரத்துப்போன கை.'

மத்தியானம்வரை இதுதான் நடந்தது. அவன் வேகமாகத் தட்டுகிறான். நான் ஒரு முறை தட்டுவதற்குள் அவன் இரண்டு முறை இல்லை என்கிறான்.

"ஏனுங், தனியா உக்காந்து சிரிக்கறீங்?" என்றாள் நாச்சாத்தாள்.

"சிரிக்கல. உங்கண்ணன்கூடச் சண்ட."

சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டாள். விஷயம் முழுவதையும் கேட்டாள். சொன்னேன். பதினொரு வருஷத்தில் முதல் முறையாக. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணன் உங்கள மன்னிச்சு உட்டுட்டாருங். அதான் அப்படி எழுதறாரு."

"மன்னிக்கறதுன்னா நீ செஞ்சது தப்பு, போடான்னு சொல்லோணும். இவன் என்ற தப்பையே இல்லீங்கறான். இத்தன வருசம் நான் அதையத் தூக்கிச் சொமந்தேன், இவன் கைய உட்டுப் புடுங்கிக்கறான்."

"ஒருவேள நெசமாவே சொரண்டலையோ என்னமோ?"

இந்த வீட்டில் யாரிடமும் ஒரு விஷயம் பேச முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெஞ்சு வளைந்திருக்கிறது. இதில் உட்கார்ந்தவனும் நோயாளி ஆகட்டும் என்று செய்திருக்கிறார்கள்.

நாச்சாத்தாளுக்குத் துணையாகத்தான் வந்தேன். அவள் போன ஆறு மாதமும் அண்ணனைத் தனியாகத்தான் போய்ப் பார்த்து வந்தாள் என்பது வேறு விஷயம். பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. உள்ளே போனேன்.

கட்டிலில் ஒரு ஓலைப்பாய் கிடந்தது. அதுதான் சென்னியப்பன். கழுத்தில் ஓட்டை, மேலே வெள்ளைத் துணி, மூக்கில் குழாய். கண் மட்டும் அதே கண். என் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான், உடனே தன் போனை எடுத்துத் தட்டினான். என் போன் சத்தம் போட்டது.

'கலரு நல்லாருக்குது. எந்தப் புள்ளகிட்டப் புடுங்குன?'

நானும் வாயைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டினேன். 'உனக்கு எதற்கு? உன் வேலையைப் பார்.' நான் தட்டி முடிக்கும்வரை அவன் சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இப்படி. மழை பெய்ததா என்று கேட்டான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்று கேட்டான். மருமகள் ஊற்றும் கஞ்சியைப் பற்றி எழுதினான். அதை இங்கே எழுத முடியாது. நாச்சாத்தாள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

நர்ஸ் வந்தாள். "என்ன தாத்தா, பக்கத்துல உக்காந்துட்டே ரெண்டு பேரும் மெசேஜா? நீங்களாச்சும் வாயத் தெறந்து பேசலாமில்ல?"

சென்னியப்பன் தட்டினான். 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ எழுது.'

நான் எழுதினேன். 'நாளைக்குக் கத்தி வைக்கிறார்கள். நிஜத்தைச் சொல். சுரண்டினாயா, இல்லையா?'

இந்த முறை அவன் உடனே இல்லை என்று எழுதவில்லை. நீளமாக ஏதோ தட்டினான். அழித்தான். மறுபடி தட்டினான், மறுபடி அழித்தான். கூரையைப் பார்த்தான். பார்வையாளர் வெளியே போகலாம் என்று மணி அடித்துவிட்டார்கள். நான் எழுந்து வாசல்வரை வந்தபின் என் போன் சத்தம் போட்டது.

'ஆபரேசன் முடிஞ்சு வந்து சொல்றேன். அது வரைக்கும் நீ சாகாம இரு.'

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தான். எத்தனை திமிர்.

ஜூன் 30, திங்கள்

எட்டரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போனை வாங்கி மருமகளிடம் கொடுத்தார்கள்.

மணி பத்து. சுவரில் எழுதியிருப்பதையெல்லாம் படித்துவிட்டேன். அமைதி காக்கவும். செருப்பைக் கழற்றவும். கைகளைக் கழுவவும். ஒருவர்கூட எதையும் செய்யவில்லை.

மணி பன்னிரண்டு. டாக்டர் ஒருவர் வேகமாகப் போனார். கேட்டால் நின்று பதில் சொல்லவில்லை. படித்தவர்.

மணி ஒன்றரை. நாச்சாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இடது கைதான், எழுதத் தடையில்லை. நாங்கள் இப்படி உட்கார்ந்து பழக்கமில்லை. யாராவது பார்ப்பார்கள் என்று சொன்னேன். பார்க்கட்டுங் என்றாள்.

மணி மூன்று. வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மூச்சு இருக்கிறது. அறுத்தவரைக்கும் அறுத்தாயிற்று, இனி இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். கண்ணாடிக் கதவு வழியாக ஒருவர் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். நாச்சாத்தாள் என்னை முன்னால் தள்ளினாள்.

கண் திறக்கவில்லை. மயக்கம் தெளியச் சாயந்தரம் ஆகுமாம். ஆனால் போர்வைக்கு மேலே கிடக்கும் வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் அசைகிறது. தட்டுகிறான். நிறுத்துகிறான். மறுபடி தட்டுகிறான். மருந்தினால் விரல் துடிக்கிறது என்கிறாள் நர்ஸ். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கண்ணாடியில் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். என்ன எழுதுகிறான் என்று படிக்க முடியவில்லை. திட்டுகிறான் என்றுதான் நினைக்கிறேன்.